கதவுக்குள் ஒரு மிருதங்கம்

கார் ஆடியோ கடைகளில் வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்டும் பாட்டு எந்த ஊரிலும் ஒரே ரகம்தான். ரியர்வியூ கண்ணாடி நடுங்க வேண்டும், சட்டை படபடக்க வேண்டும், "குத்து எப்படி இருக்கு பாருங்க சார்" என்று கடைக்காரர் கத்திச் சொல்ல வேண்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையானாலும் சரி, கோவையோ மதுரையோ ஆனாலும் சரி, இந்த வரவேற்பு தப்பாது. அதில் எனக்குப் புகார் ஒன்றுமில்லை. குத்துக்கும் ஒரு ரசனை உண்டு. ஆனால் மாட்டியிருக்கும் ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒத்துப்போகிறதா என்பதை அந்தப் பாட்டு சொல்லாது. மிருதங்கம் சொல்லிவிடும். நல்ல பதிவில் ஒரு தனி ஆவர்த்தனம், அணைத்த எஞ்சின், ஏற்றிய கண்ணாடிகள், பாதிக்குச் சற்று மேலே வால்யூம். பாட்டு முடியும்வரை காத்திருக்கக்கூட வேண்டாம்.

மிருதங்கத்தைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் பௌதிகம். தொப்பியை அழுத்தி இழுக்கும் கும்கி, வூஃபரின் கீழ்ப்பகுதியைச் சோதிக்கும். வலந்தலையின் மீட்டு சுருதியோடு சேர்ந்து நிற்கும். சாப்பு அதன்மேல் ஒரு பளபளப்பை ஏற்றும். விரல் தோலில் படும் ஓசை ட்வீட்டர்வரை போகும். சாதாரணத் தோல் வாத்தியத்தில் மேலொலிகள் ஒன்றுக்கொன்று உறவில்லாமல் சிதறிக் கிடக்கும். வலந்தலையின் நடுவில் அப்பிய கரணை அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவந்து, கம்பி வாத்தியத்தின் இசைவைத் தோலுக்குக் கொடுத்துவிடுகிறது. சி.வி. ராமன் இதை 1920-இல் சிறு குறிப்பாகவும் 1934-இல் விரிவான கட்டுரையாகவும் எழுதினார். ஆக, ஒரே மீட்டில் அடிச்சுரமும் அதன் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளும் அடுக்காக நிற்கின்றன. அந்த அடுக்கை வூஃபர் தாங்கி, விரல் பட்ட ஓசையை ட்வீட்டர் தந்து, இரண்டும் ஒரே கணத்தில் சரியான அளவில் வந்து சேர்ந்தால்தான் காதில் விழுவது மிருதங்கம். இல்லாவிட்டால் தோல் டேஷ்போர்டிலும் கட்டை முழங்காலுக்குக் கீழேயுமாகப் பிரிந்து கேட்கும்.

அடி விழும் கணம் இன்னொரு பரீட்சை. ஒரு தீர்மானத்தின் கடைசி அடி விழும்போது சில மில்லி செகண்டுக்கு மட்டும் தேவைப்படும் சக்தி, அந்தப் பாட்டு முழுக்க ஓடும் சராசரியைப்போல் முப்பது மடங்குகூட இருக்கும். டெசிபலில் சொன்னால் 15. அந்தச் சில மில்லி செகண்டுக்குக் கொடுக்க ஆம்ப்ளிஃபயரிடம் கையிருப்பு இருக்கிறதா என்பதில்தான் பொருத்தம் என்ற விஷயமே தொடங்குகிறது. கார் ஆடியோவில் சத்தத்துக்காக ஆம்ப் வாங்குகிறோம் என்று நினைப்பவர்கள் அநேகம். நான் வாங்குவது இந்தக் கையிருப்புக்காக.

டேஷ்போர்டில் இருக்கும் செட்டின் அட்டைப்பெட்டியில் 4 x 50 வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். இந்த 50 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். அதை அதனாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 51.8. அதாவது இசையின் அலையெல்லாம் தட்டையாகி வெறும் சதுரமாகிவிட்ட நிலையில் வரக்கூடிய வாட். அதை இசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அலை உருக்குலையாமல் வருவது, உள்ளே நடக்கும் இழப்பெல்லாம் போக, சேனலுக்கு 20 வாட் ஆர்எம்எஸ் சுற்றுவட்டாரம். இது எந்தக் கம்பெனியின் குற்றமும் இல்லை. 14.4 வோல்ட்டை வைத்துக்கொண்டு 4 ஓமில் இதற்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. தனி ஆம்ப்ளிஃபயருக்குள் வோல்ட்டேஜை ஏற்றும் ஒரு பகுதி இருக்கிறது. அதற்காகத்தான் பேட்டரியிலிருந்து நேரே தடித்த வயர் இழுக்கிறோம். 75 வாட் கொடுக்க 17.3 வோல்ட் வேண்டும், அலையின் உச்சியில் 24.5. பேட்டரி இதைத் தராது; ஆம்ப் தானாக உண்டாக்கிக்கொள்கிறது.

இப்போது ஒரு கணக்கு. என் நண்பர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் நம்ப மறுப்பார்கள். 20 வாட் ஆர்எம்எஸ் செட் அலையின் உச்சியில் 40 வாட் தொடும். கச்சேரிப் பதிவில் உச்சிக்கும் சராசரிக்கும் 15 டெசிபல் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், உச்சி உடையாமல் ஓட்டக்கூடிய சராசரி சுமார் ஒன்றேகால் வாட்தான். இன்றைய திரைப்பாட்டோ இறுக்கி அழுத்தி மாஸ்டர் செய்யப்படுவது. இடைவெளி 8 டெசிபல் என்று கொண்டால் அதே செட்டில் சராசரி 6 வாட்டுக்கு மேல் போகலாம். ஒரே செட், அதே ஸ்பீக்கர்கள். "சினிமாப் பாட்டு பிரமாதமா கேக்குது, கச்சேரி மட்டும் ஏனோ எடுபடல" என்று சொல்பவர் காதில் கோளாறு இல்லை, பதிவிலும் இல்லை. கச்சேரி கேட்க அவர் வால்யூமை ஏற்றுவார். தாழ்ந்த கூரை வீட்டில் நெட்டையான ஆள் நிமிர்வதைப்போல ஒவ்வோர் அடியும் மேலே இடித்துக்கொள்ளும். மிருதங்கம் தகரமாவது அப்போதுதான். அதே காரில் 75 வாட் ஆம்ப் வைத்தால் உச்சி 150 வாட், கச்சேரிக்குச் சராசரி 5 வாட்டை ஒட்டி வரும். 6 டெசிபல் கூடுதல். காதுக்கு இது இரண்டு மடங்கு சத்தமாகக்கூடத் தெரியாது. அதற்கு 10 டெசிபல் வேண்டும். ஆனால் அடி முழுசாக எழுந்து முழுசாக அடங்குவது தெரியும். அந்த நிதானம் ஒருமுறை காதுக்குப் பழகிவிட்டால் பழைய செட்டுக்குத் திரும்ப மனம் வராது.

கம்மி வாட் ஆம்ப் ஸ்பீக்கரை எரித்துவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. பாதிதான் உண்மை. கம்மி வாட்டில் அடக்கமாக ஓடும் எந்த ஸ்பீக்கரும் எரியாது. எரிவது, கம்மி வாட் ஆம்பை மேலே மேலே திருகும்போது. அலை தட்டையாகிச் சதுரமானால், அதே உச்சியில் அதன் சக்தி இரட்டிப்பாகும். புதிதாக முளைக்கும் மேலதிர்வுகள் போய்ச் சேருமிடம் ட்வீட்டர். அதன் வாய்ஸ் காயில் சுற்றியிருக்கும் கம்பி மயிரிழை போன்றது. ஆகவே ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் 60 என்றால் ஆம்ப் 60-லிருந்து 90-க்குள் இருப்பது நல்லது என்பது பழகியவர்கள் கையாளும் வழக்கம். 90 வாட் ஆம்ப் 60 வாட் ஸ்பீக்கரைக் கெடுக்குமா என்று கேட்பார்கள். வால்யூம் குமிழைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதைப் பொறுத்தது.

கெய்ன் குமிழ்தான் பெரிய சோகம். ஆம்பின் மேல் கெய்ன் என்று எழுதிய சின்ன ஸ்க்ரூவைப் பலர் இன்னொரு வால்யூமாக எடுத்துக்கொண்டு முழுவதும் திருகிவிடுகிறார்கள். செட்டிலிருந்து வரும் சிக்னல் எத்தனை வோல்ட்டாக இருக்கும்போது ஆம்ப் தன் முழு வாட்டை எட்டவேண்டும் என்பதைச் சொல்லும் குமிழ் அது, அதற்குமேல் வேலையில்லை. ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, பாஸ் பூஸ்ட்டை அணைத்து, டெஸ்ட் டோன் ஓட விட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துத் திருகினால், 75 வாட் 4 ஓம் சேனலில் 17.3 வோல்ட் வந்ததும் நிறுத்த வேண்டும். பொருத்துபவர் மீட்டர் இல்லாமல் இதைச் செய்தால் நான் அவரை நம்ப மாட்டேன்.

வாட்டேஜ் எண்ணை எப்படி நம்புவது என்பதற்கு இந்தத் துறையில் ஒரு ரசமான பழைய கதை இருக்கிறது. 1980-களின் பிற்பகுதியிலும் 90-களிலும் அமெரிக்காவில் கார் ஆடியோ போட்டிகள் கொடிகட்டிப் பறந்தன. போட்டியாளர்களை ஆம்பின் அறிவிக்கப்பட்ட வாட்டை வைத்து வகுப்பு பிரித்தார்கள். உடனே தயாரிப்பாளர்கள் வாட்டைக் குறைத்து எழுத ஆரம்பித்தார்கள். ராக்ஃபோர்டு ஃபாஸ்கேட்டின் பஞ்ச் 45 பேரளவில் மிகச் சின்ன ஆம்ப். ஓம் குறைந்த சுமையைக் கொடுத்தால் அறிவித்ததைப்போல் பல மடங்கு கக்கும். இப்படிப்பட்டவற்றைச் 'சீட்டர் ஆம்ப்' என்றே ரசிகர்கள் செல்லமாக அழைத்தார்கள். உலகத்தில் வாட்டைக் குறைத்துச் சொல்லி விற்ற காலமும் ஒன்று இருந்தது என்பதை வாட்டை ஊதிக் காட்டும் நம் ஊர் பிஎம்பிஓ ஸ்டிக்கர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்புவது கடினம். அந்தக் குழப்பத்துக்கெல்லாம் முற்றுப்புள்ளியாக 2003-இல் சிஇஏ-2006 என்ற அளவுமுறை வந்தது. 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு ஒரு சதவீதத்துக்குள் என்ற நிபந்தனையில் எடுத்த வாட்டை மட்டும் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். இந்தக் குறியீடு இருக்கும் பெட்டியில் எழுதிய எண் நம்பத்தகுந்தது. ராக்ஃபோர்டு தன் உயர்ரக ஆம்புகளோடு ஒரு பிறப்புச் சான்றிதழே வைத்து அனுப்பும். அந்தக் குறிப்பிட்ட ஆம்ப் சோதனையில் கொடுத்த வாட் அதில் பதிந்திருக்கும். பெரும்பாலும் விளம்பரத்தில் சொன்னதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ஸ்பீக்கர் பெட்டியில் எல்லாரும் முதலில் தேடும் எண் வாட். நான் தேடுவது சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. 87 டெசிபல் ஸ்பீக்கரும் 93 டெசிபல் ஸ்பீக்கரும் ஒரே அளவு சத்தம் போட, முதலாவதற்கு நான்கு மடங்கு சக்தி வேண்டும். ஆம்பே வாங்கப் போவதில்லை என்பவருக்கு வூஃபரும் ட்வீட்டரும் ஒன்றாகச் சேர்ந்த 92, 93 டெசிபல் கோஆக்ஸியல் கொடுத்தால் அந்த 20 வாட்டிலேயே அழகாகப் பாடும். வூஃபரும் ட்வீட்டரும் தனித்தனியாக வரும், கனத்த கோன் கொண்ட விலையுயர்ந்த காம்போனன்ட்டை அதே செட்டில் மாட்டினால் தூங்கி வழியும். காசு கொடுத்து ஏமாறுவதில் இது ஒரு தனி வகை. இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில கம்பெனிகள் ஒரு வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட் கொடுத்து அளக்கின்றன. 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது ஒரு வாட். கார் ஸ்பீக்கரின் 4 ஓமில் அதுவே 2 வாட். எண் 3 டெசிபல் உப்பிவிடும். இரண்டு பெட்டிகளை ஒப்பிடுமுன் சின்ன எழுத்தில் எந்த அளவு என்று பார்க்க வேண்டும்.

கம்பெனிகளுக்கும் குணம் இருக்கிறது. பிரான்சின் சாந்த் எத்தியென் நகரில் 1979-இல் தொடங்கிய ஃபோகல், உள்நோக்கிக் குழிந்த டோம் ட்வீட்டரையும் இலேசான கோனையும் வைத்து விரைவும் வெளிச்சமுமான ஓசை தரும், சென்சிடிவிட்டியும் தாராளம். டென்மார்க்கின் டைனாடியோ (1977) பட்டு டோமும் 75 மில்லிமீட்டர் வாய்ஸ் காயும் கொண்டு எதையும் அவசரப்படுத்தாது; ஆனால் நல்ல ஆம்ப் இல்லாமல் வாய் திறக்காது. இஸ்ரேலின் மோரல் (1975) குணத்தில் இதற்குப் பக்கத்து வீடு. கர்நாடக வயலினுக்கு எனக்குப் பட்டு டோம்தான். உலோக டோமில் மேல் ஸ்தாயிப் பிரயோகங்கள் சில சமயம் கண்ணாடி கீறுவதுபோல வந்துவிடும். நாகஸ்வரமும் தவிலும் கேட்பவர் ஃபோகல் பக்கம் சாய்ந்தால் நான் வாதாட மாட்டேன். தவிலின் வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் அடிக்கும் வேகத்துக்கு அந்த வெளிச்சம் பொருந்தும்.

ஓமைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை, ஆனால் தவறினால் புகை வரும். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் 2 ஓம். ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 8. இரண்டு சேனலை ஒன்றாக்கி பிரிட்ஜ் செய்த ஆம்ப் பெரும்பாலும் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. ஜேபிஎல், இன்ஃபினிட்டி சில வரிசைகளில் 3 ஓம் ஸ்பீக்கர்கள் வரும். கார் கம்பெனி போட்ட மெல்லிய வயரின் தடையையும் கணக்கில் எடுத்துச் செய்தவை அவை. பயப்பட வேண்டியது வேறிடத்தில். கம்பெனியே பிரீமியம் சவுண்ட் என்று கொடுத்த காரில் ஸ்பீக்கரை மட்டும் மாற்றுவது. போஸ் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து 1983 மாடல் காடிலாக் செவிலில் முதன்முதலாகக் கொண்டுவந்த அமைப்பில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அதன் கூட்டோடு சேர்ந்தே தனி ஆம்ப் இருந்தது. அந்தக் காரின் உட்புறத்துக்கென்றே ஈக்வலைசேஷனையும் செதுக்கியிருந்தார்கள். ஸ்பீக்கர், ஆம்ப், கூடு, கார் நான்கும் ஒரே மேசையில் பிறந்தவை. அன்றிலிருந்து இன்றுவரை இத்தகைய அமைப்புகளில் 4 ஓமுக்கு வெகு கீழேயுள்ள ஸ்பீக்கர்கள் சகஜம். அதில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு வெளிச்சந்தை ஸ்பீக்கரை நட்டால், எவ்வளவு விலை கொடுத்தாலும் முன்பிருந்ததைவிட மோசமாகவே கேட்கும். மாற்றினால் மொத்தமாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் தொடக்கூடாது.

ஆம்புக்கு ருசி உண்டா? இது ரசிகர்கள் கூடுமிடத்தில் சண்டை மூட்டும் கேள்வி. சிலர் ஒரு ஆம்ப் இதமானது என்பார்கள், இன்னொன்று வறண்டது என்பார்கள். அமெரிக்கக் கார் ஆடியோ வட்டாரத்தில் பேர்போன ரிச்சர்டு கிளார்க் இதற்கு ஒரு பந்தயமே வைத்தார். ஒலி அளவைத் துல்லியமாகச் சமப்படுத்தி, இரண்டு ஆம்பையும் தட்டையாகும் எல்லைக்குள் வைத்து, எது ஓடுகிறது என்று காட்டாமல் கேட்கவைத்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர். எத்தனையோ பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். பணத்தை யாரும் எடுத்துப்போகவில்லை. என் காதும் இதற்கு ஒத்துத்தான் போகிறது. எல்லைக்குள் ஓடும் ஒழுங்கான ஆம்புகளுக்குள் வித்தியாசம் தேடுவதில் பொழுதுதான் போகும். எல்லையைத் தாண்டும்போதுதான் அவற்றின் குணம் வெளியே வரும். ஆகவே ஆம்பில் நான் பார்ப்பது போதிய வாட், அமைதியான பின்னணி, சூடாகாத உடம்பு. பழைய ஏபி வகுப்பு ஆம்ப் பாதி மின்சாரத்தை வெப்பமாக்கிவிடும். இப்போது வரும் டி வகுப்பு ஆம்புகள் 80 சதவீதத்துக்கு மேல் வேலைக்கு எடுத்துக்கொள்கின்றன. நம் ஊர் மே மாத வெயிலில் நிற்கும் காரின் சீட்டுக்கு அடியில் வைக்க டி வகுப்புதான் சரி. டேம்பிங் ஃபேக்டர் 500 என்று விளம்பரத்தில் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். 4 ஓம் ஸ்பீக்கரில் வாய்ஸ் காயின் சொந்தத் தடையே மூன்று ஓமுக்கு மேல். அதற்கு முன்னால் 500-உம் 50-உம் ஒன்றுதான்.

ஸ்பீக்கருக்கும் ஆம்புக்கும் இடையில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், அவரை யாரும் கேட்பதில்லை: கதவு. வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி. கார் ஸ்பீக்கருக்குப் பெட்டி இந்தக் கதவுதான். ஒரு ஸ்பீக்கரின் கோன், காந்தம், அதன் பின்னாலிருக்கும் காற்றின் கொள்ளளவு மூன்றும் சேர்ந்து பாஸை எப்படித் தீர்மானிக்கின்றன என்று ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் கணக்கு வகுத்தார். ரிச்சர்டு ஸ்மால் 70-களில் அதை விரித்தெழுதினார். இன்றும் வூஃபர் பெட்டிகளில் இருக்கும் எஃப்எஸ், க்யூடிஎஸ், வாஸ் எண்கள் அவர்கள் கொடுத்தவை. ஆனால் நம் கார்க் கதவு எந்தக் கணக்கிலும் அடங்காத ஓட்டைப் பாத்திரம். உள் தகட்டில் கையே நுழையும் துளைகள், அவற்றை மூட ஒரு பிளாஸ்டிக் தாள், அதன்மேல் கிளிப்பில் தொங்கும் டோர் பேட். கோன் முன்னே தள்ளும் காற்றும் பின்னே தள்ளும் காற்றும் அந்தத் துளைகள் வழியாகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கும்கி அங்கேயே காலி. அதன்பின் எத்தனை வாட் ஆம்ப் வைத்தாலும் அந்தச் சுரம் திரும்பி வராது. கதவுத் தகடுதான் பாடும்.

வெளித் தகட்டின் உட்புறம் பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை ரோலர் வைத்து அழுத்தி ஒட்டி, உள் தகட்டின் பெரிய துளைகளைத் தகடு வைத்து மூடி அதன்மேலும் ஷீட் போட்டு, டோர் பேட் உரசுமிடங்களில் ஃபோம் வைத்துக் கதவைச் சாத்திப் பாருங்கள். அந்தச் சத்தமே மாறியிருக்கும். பெரிய காரின் கதவு சாத்துவதுபோல ஒரு 'டொப்'. மழைநீர் வடியும் கீழ்த் துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது. ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையத்தைப் பல இடங்களில் எம்டிஎஃபில் வெட்டிக் கொடுக்கிறார்கள். இரண்டு ஐப்பசி மழை பார்த்தால் அது பிஸ்கட்டாகிவிடும். பிளாஸ்டிக் வளையமோ, வார்னிஷ் பூசிய கடல்ரக பிளைவுட்டோ கேட்டு வாங்க வேண்டும். இந்த வேலைக்கு ஒரு முழு நாள் போகும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவேதான் கடைகள் இதை வற்புறுத்துவதில்லை, நாமும் கேட்பதில்லை. டேம்பிங் செய்த கதவில் நடுத்தர விலை ஸ்பீக்கர், வெறும் கதவில் அதைப்போல் மூன்று மடங்கு விலை ஸ்பீக்கர் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வாய்த்தால் தவற விடாதீர்கள். முதலாவதன் பக்கம் நிற்க ஒரு கும்கி போதும்.

வலப்புறம் உட்கார்ந்து ஓட்டும் நமக்கு இன்னொரு இடைஞ்சல். வலக் கதவு ஸ்பீக்கர் அருகே, இடக் கதவு ஸ்பீக்கர் தொலைவில். இரண்டுக்கும் அரை மீட்டர் வித்தியாசம் என்றால், இடப்பக்க ஒலி ஏறக்குறைய ஒன்றரை மில்லி செகண்ட் தாமதமாக வரும். 340 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இரண்டும் எதிரெதிராகச் சந்தித்து ஒரு பள்ளம் விழும்; பாடகரின் குரல் உலாவும் இடம் அது. ஒலியைத் திருத்தும் டிஎஸ்பி கருவி வைத்து அருகிலிருக்கும் ஸ்பீக்கரைக் கொஞ்சம் காக்க வைத்தால், குரல் வலது முழங்காலை விட்டெழுந்து டேஷ்போர்டின் நடுவே வந்து உட்காரும். இந்தத் திருத்தம் ஓட்டுநருக்கு மட்டும் என்பதால் பக்கத்து சீட்டில் இருப்பவருக்குப் பாட்டு கோணலாகும். குடும்பத்தோடு போகும்போது அணைத்து வைப்பது வீட்டமைதிக்கு நல்லது.

சப்வூஃபர் வேண்டுமா என்றால், சின்னதாக ஒன்று வேண்டும். மூடிய கார் அறைக்குள் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாஸ் தானாகவே உயரும். சிறிய இடத்தில் காற்றை அழுத்துவதன் பலன் அது. ஆகவே மூடிய பெட்டியில் ஒரு 10 அங்குல சப், 200 வாட் போதும். முன் ஸ்பீக்கர்களை 80 ஹெர்ட்ஸில் வெட்டி, அதற்குக் கீழே சப்பிடம் ஒப்படைத்தால், கதவு ஸ்பீக்கர் பெருமூச்சு விட்டு நடுப்பகுதியைத் தெளிவாகப் பாடும். சப் ஓடுவது தனியாகத் தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். கும்கி டிக்கியிலிருந்து வரக் கூடாது. முன்னால் மிருதங்கம் இருக்கும் இடத்திலிருந்து வர வேண்டும்.

இவ்வளவும் சேர்ந்தபின் கேட்பது வேறு அனுபவம். 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் தனித்து நிற்கும். சுற்றிலும் கம்பி வாத்தியங்களின் கூட்டம். பொருத்தமில்லாத அமைப்பில் அந்தக் கூட்டம் ஒரு திரைச்சீலையாகத் தொங்கும். பொருத்தம் கூடியதில் செல்லோக்கள் கீழ் வரிசையில் அமர்ந்திருப்பது தெரியும், வில் கம்பியைக் கவ்வும் பிசினின் உரசல் தெரியும், வயலின் ஏறும்போது மற்றவர்கள் ஒதுங்கி வழிவிடுவது தெரியும். பழைய இளையராஜா பாடல்களில் பல்லவிக்கு அடியில் பேஸ் கிடார் தனியே ஒரு ராகம் போட்டுக்கொண்டு நடப்பதை அப்போதுதான் முழுதாகக் கேட்போம். கடத்தில் மண் தெரியும். கழுத்தருகே அடிப்பதும் வயிற்றில் அடிப்பதும் இரண்டு தனி இடங்களாகும். எல்லாவற்றுக்கும் மேல் தம்புரா. நெடுஞ்சாலையில் 80-இல் போகும்போது டயர் இரைச்சல் முதலில் விழுங்குவது அதைத்தான். அதன் ரீங்காரம் இரைச்சலுக்கு மேலே மெல்லிய கோடாக நின்றால், இந்த வண்டியில் உட்கார்ந்து ஒரு கல்யாணியை முழுதாகக் கேட்கலாம் என்று முடிவு கட்டுவேன்.

கேட்பவர்களுக்கு நான் சொல்லும் அமைப்பு ஒன்றுதான். சேனலுக்கு 75 வாட் ஆர்எம்எஸ் தரும் நான்கு சேனல் டி வகுப்பு ஆம்ப் ஒன்று. முன் கதவுகளில் 60 வாட் ஆர்எம்எஸ், 89 டெசிபலுக்குக் குறையாத ஆறரை அங்குலப் பட்டு டோம் காம்போனன்ட். பின் இரண்டு சேனலையும் பிரிட்ஜ் செய்து 4 ஓம் சப். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய வயர் வேண்டாம், முழுச் செம்பு. பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ். கடைக்குப் போகும்போது உங்கள் பாட்டை நீங்களே கொண்டு போங்கள். உங்களுக்கு மனப்பாடமான கச்சேரியாக இருக்கட்டும். வாட் எவ்வளவு என்று கேட்காமல் ஆர்எம்எஸ் எவ்வளவு, எத்தனை ஓமில், சென்சிடிவிட்டி எந்த அளவில் எடுத்தது என்று கேளுங்கள். பின்சீட்டு ஸ்பீக்கர்களையும் மாற்றிவிடலாமே என்று கட்டாயம் ஆரம்பிப்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் காசுக்கு முன் கதவுகள் இரண்டுக்கும் டேம்பிங் செய்யச் சொல்லுங்கள்.